புதிதாக வந்த பூனை சீறுகிறதா, கடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பூனையை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. சந்தையில் மீன் கடைக்கு அடியிலிருந்தோ, செம்பனைக் குலை குவிக்கும் மேடையிலிருந்தோ, கோயில் மண்டபத்துப் படியிலிருந்தோ ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. முதல் சில நாள் இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும். பிறகு பழைய பூனையைத் துரத்தும், மடியில் உட்கார்ந்தபடியே கையைக் கடிக்கும், மருமகளின் துணிமேல் சிறுநீர் கழிக்கும். "பொறாமை பிடித்த பூனை, கொண்டுபோய் விட்டுவிடு" என்று வீட்டில் தீர்ப்பும் வந்துவிடும்.

தீர்ப்புக்கு முன் ஒரு விஷயம். சண்டையிட்ட நாய்கள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று முகர்ந்து சமாதானமாகிவிடுவதுண்டு. பூனையிடம் அந்தப் பழக்கத்தைப் பார்ப்பது அரிது. தனியாக வேட்டையாடிய விலங்கின் வழியில் வந்தது அது. சச்சரவு வந்தால் விலகிப் போவதுதான் அதற்குக் கைவந்த தீர்வு. விலக இடமில்லாதபோது நகம் வெளியே வருகிறது. தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பால்மரக் காடு கிடந்தது. ஒத்துப்போகாத பூனைகள் ஆளுக்கொரு திசையில் போய்விடும். தாமான் எனப்படும் குடியிருப்பின் வரிசை வீட்டில் முன்வாசலை விட்டால் பின்சந்து. இரண்டிலும் அடுத்த வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கும். கீழே சொல்லியிருக்கும் வழிகள் பெரும்பாலும் பூனைக்கு விலக இடம் செய்துகொடுப்பவைதான்.

இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பூனை சீறும்போதெல்லாம் நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர், சற்று முன் கேட்ட சத்தம் ஆகியவற்றைச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஒரு வாரக் குறிப்பு போதும், கீழே எந்தப் பகுதி உங்களுக்கானது என்று தெரிந்துவிடும்.

எதற்கும் முன்னால்: வலி இருக்கிறதா?

நேற்றுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடித்தால், குணத்தைக் குறை சொல்லாமல் உடம்பைப் பாருங்கள். இடுப்பருகே தொட்டால் மட்டும் திரும்பிக் கடிக்கிறதா? அங்கே வலி இருக்கலாம். உணவை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா? அப்படியானால் பல்லில், ஈறில் கோளாறு இருக்கலாம். வாலடியிலோ முன்காலிலோ தொட்டால் சூடாக, மெத்தென்று வீங்கியிருந்தால், பழைய கடிக்காயம் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. பத்து வயதைத் தாண்டிய பூனை நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், எரிச்சலும் காட்டினால் தைராய்டுச் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்.

ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஆண் பூனை மீண்டும் மீண்டும் மணல் தட்டில் குந்தி, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் போகாமல் எழுந்தால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் போக வண்டியை எடுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. பாதி மாத்திரையே கொல்லப் போதும். நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

அறிகுறி: கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, கை நீட்டினால் சீறுகிறது

இது பயம். காது பின்னால் படிந்திருக்கும், கண்மணி விரிந்து கறுத்திருக்கும், உடம்பு தரையோடு ஒட்டியிருக்கும். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் காட்டவும் வேண்டாம். ஓர் அறை போதும். ஒரு மூலையில் உணவும் தண்ணீரும், எதிர் மூலையில் மணல் தட்டு, நடுவில் கவிழ்த்து வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி. மளிகைக் கடைக்காரர் சும்மா தருகிற பெட்டியே பூனைக்குப் பிடித்தமான வீடு.

நாளுக்கு இரண்டு மூன்று வேளை அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். பூனையை உற்றுப் பார்க்காதீர்கள். வெறித்த பார்வை அதற்கு மிரட்டல். தற்செயலாகக் கண்கள் சந்தித்தால் இமையை மெல்ல மூடி மெல்லத் திறங்கள். இது பாட்டிமார் கைவைத்தியம் போலத் தோன்றலாம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெல்ல இமைத்தவர்களிடம் பூனைகளும் கூடுதலாக இமைத்துக் காட்டின. அப்படி இமைத்த அறிமுகமில்லாத ஆளை நெருங்கவும் செய்தன. செலவில்லாத மருந்து, செய்துபாருங்கள்.

பூனை தானாக வந்து கன்னத்தை உங்கள் முழங்காலில் உரசும் வரை காத்திருங்கள். சிலவற்றுக்கு மூன்று நாள் போதும், சிலவற்றுக்கு மூன்று மாதம் ஆகும். குட்டியாக இருந்தபோது, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை மடிப்பூனையாக மாறாமலே போகலாம். அதை வற்புறுத்தி மாற்ற முடியாது.

அறிகுறி: பழைய பூனையும் புதுப் பூனையும் பார்த்தாலே பாய்கின்றன

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். "இரண்டையும் ஒன்றாக விட்டுவிடுங்கள், அடித்துக்கொண்டு பழகிவிடும்" என்ற அறிவுரையை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் சண்டையில் பதிந்த அச்சத்தை அழிக்க மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே மோதிவிட்டிருந்தாலும் பரவாயில்லை; இரண்டும் இப்போதுதான் வந்ததாக நினைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி பிரித்துவைப்பது. புதுப் பூனை ஓர் அறையில், கதவு சாத்தியே இருக்க வேண்டும். பழைய லயத்து வீடுகள் சிலவற்றில் தடுப்புச் சுவர் கூரை வரை போவதில்லை. அலமாரிமேல் ஏறி, சுவர் விளிம்பைப் பிடித்து, மறுபக்கம் குதித்துவிடும். அங்கே சுவரின்மேல் கம்பிவலை அடித்தாக வேண்டும், அல்லது குளியலறையைக் கொடுக்க வேண்டும். இந்தப் பிரிவு இரண்டு வாரமாவது இருந்தால், புதுப் பூனையிடம் சளி, பேன், சொறி ஏதாவது இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, பூனை எய்ட்ஸ் எனப்படும் கிருமிக்கும் இரத்தப்புற்றுக் கிருமிக்கும் பரிசோதிக்கச் சொல்வதற்கும் இதுதான் நேரம். ஆழமான கடிக்காயத்தில் முதல் கிருமி பரவும்.

அடுத்தது வாசனை. மனிதன் முகம் பார்த்து அடையாளம் காண்கிறான்; பூனைக்கு மூக்குதான் முந்தி. பழைய காலுறையைக் கையில் மாட்டிப் புதுப் பூனையின் கன்னத்தையும் தாடையையும் தடவுங்கள். வாசனைச் சுரப்பிகள் அங்கேதான் இருக்கின்றன. காலுறையைக் கழற்றிப் பழைய பூனையின் சோற்றுத் தட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். மறுநாள் திருப்பிச் செய்யுங்கள். முதல் நாள் காலுறையைப் பார்த்து உறுமும், சுற்றிப் போகும். உறுமாமல் அதைத் தாண்டிப் போய்ச் சாப்பிடத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

பிறகு சாத்திய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. வழக்கமான உணவைவிட வாசனை தூக்கலானது வேண்டும். உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்த கெம்போங் மீனுக்கு ஈடில்லை. முள்ளை எடுத்துவிடுங்கள். முதலில் இரண்டு தட்டும் கதவிலிருந்து ஆறடி தள்ளி இருக்கட்டும். சீறல் இல்லாமல் தட்டு காலியானால் மறுவேளை அரையடி நெருக்குங்கள். சீறினால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள்.

அதற்குப் பிறகுதான் பார்க்க விடுவது. நம் வீடுகளில் இரும்புக் கிராதிக் கதவு இருப்பது இதற்கு வசதி, ஆனால் கிராதிக்குள் பூனை நுழைந்துவிடும். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையை இரும்புக் கடையில் அளந்து வாங்கிக் கிராதிமேல் கட்டுங்கள். மேலே துணி தொங்கவிட்டு, அடியில் ஒரு சாண் மட்டும் தெரியும்படி தொடங்குங்கள். கால்களை மட்டும் பார்த்தபடி இரண்டும் சாப்பிடட்டும், துணி நாளுக்கு நாள் உயரட்டும். கண்கொட்டாமல் முறைத்துக்கொண்டு வால் நுனி மட்டும் துடித்தால் ஓர் அட்டையை இடையில் நுழைத்துப் பார்வையை மறையுங்கள். கையை நுழைத்தால் கடி உங்களுக்குத்தான்.

கடைசியாக வலையை எடுப்பது. இரண்டும் விளையாடி, சாப்பிட்டு, களைத்திருக்கும் நேரம் பார்த்துச் சில நிமிடம் மட்டும். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுங்கள். சண்டை வந்து முடிவது கூடாது.

இதற்கிடையே வீட்டையும் மாற்ற வேண்டும். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வேறு வேறு இடங்களில் இருக்கட்டும். ஒரே மூலையில் வரிசையாக வைத்த மூன்று தட்டு, பூனையின் கணக்கில் ஒரே தட்டுதான். வலிமையான பூனை வாசலில் படுத்துக்கொண்டால் மற்றது அடக்கிக்கொண்டு கிடக்கும். தண்ணீர், உணவு, படுக்கை எல்லாமே அப்படித்தான். தரையில் இடமில்லாத வீட்டில் உயரத்தில் இடம் கொடுங்கள். அலமாரியின் உச்சியைக் காலி செய்து, ஏறுவதற்கு ஒரு முக்காலியும் நடுவில் ஒரு பலகையும் போட்டால் சிறிய வீட்டிலும் ஒரு மாடி கூடிவிடும். இறங்கவும் இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரு வழிதான் என்றால் கீழே மற்றொன்று காவல் நிற்கும்.

இத்தனை படிகளுக்கும் சில வாரம் முதல் சில மாதம் வரை பிடிக்கும். முடிவில் இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே கூடத்தில் இரண்டு நாற்காலியில் முதுகு காட்டிப் படுத்திருந்தால் அதுவே வெற்றி.

கருத்தடை செய்யாத ஆண் பூனை ஒன்று நடுவில் இருந்தால் மேலே சொன்னது பாதிதான் பலிக்கும். முதலில் அதைச் செய்துவிடுங்கள். அறுவை முடிந்த மறுநாளே சாதுவாகிவிடாது. உடம்பில் இருக்கும் சுரப்பு வடிய சில வாரங்களாகும்.

அறிகுறி: ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தது, திரும்பி உங்களைக் கடித்தது

கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு வெளியே ஓர் ஊர்ப்பூனை. உள்ளே இருப்பது அதை எட்ட முடியாமல் கொதிக்கிறது. அந்த நேரம் நீங்கள் முதுகைத் தடவினால் அடி உங்கள்மேல் விழும். வீட்டுப் பூனை மற்றொரு வீட்டுப் பூனைமேல் பாய்வதும் உண்டு. தீபாவளி, சீனப் புத்தாண்டு வெடிக்குப் பிறகு, நெடுநாள் ஒன்றாக இருந்த இரண்டு பூனைகள் பகையாளியாவது பெரும்பாலும் இப்படித்தான். வெடிச்சத்தத்தில் துள்ளிய கணத்தில் எதிரே நின்றது மற்றொன்று. பழி அதன்மேல் போய்விடுகிறது.

அந்தக் கொதிப்பு சில நிமிடங்களில் அடங்கலாம், ஒரு நாள் முழுக்க நீடிக்கவும் செய்யும். தூக்காதீர்கள், சமாதானம் சொல்லாதீர்கள். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தித் தனியே விடுங்கள். பிறகு ஜன்னலின் கீழ்ப்பாதியில் பால்நிறத் தாள் ஒட்டுங்கள். வாசலில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் அந்தத் தட்டைப் பின்சந்தின் கடைசிக்கு நகர்த்துங்கள். புண்ணியம் அங்கேயும் சேரும்.

அறிகுறி: மடியில் சுகமாக இருந்துகொண்டே கடிக்கிறது

எச்சரிக்காமல் கடித்தது என்பார்கள். எச்சரித்திருக்கும், நாம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். முதலில் உறுமல் போன்ற அந்த இன்ப ஒலி நின்றுவிடும். பிறகு முதுகுத் தோல் ஒருமுறை அலைபோல் சிலிர்க்கும். வால் நுனி படக் படக்கென்று தட்டும், காது பக்கவாட்டில் திரும்பும், அதற்கும் பிறகுதான் பல். தோல் சிலிர்த்தவுடன் கையை எடுத்துவிட்டால் அடுத்ததற்கு அவசியமே வராது. கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களைப் பெரும்பாலான பூனைகள் விரும்பும். வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கையின் அறிகுறி. தொடச் சொல்லும் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: நடக்கும் காலைப் பிடித்துத் தொங்குகிறது, விடியலில் போர்வைக்குள் விரலைக் கடிக்கிறது

இது வேட்டை விளையாட்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டிகளின் வேலை, அதிலும் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்குமுன் பிரிந்து தனியாக வளர்ந்த குட்டிகளின் வேலை. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை உடன்பிறந்தவை கற்றுக்கொடுக்கும். அந்தப் பள்ளிக்கு இது போகவில்லை. பூனை விடியலிலும் அந்தியிலும் விழிப்பாக இருக்கும் பிராணி. காலை ஐந்து மணிக்கு விளக்குப் போட்டு வேலைக்குக் கிளம்பும் வீட்டில், இருட்டில் அசையும் கணுக்கால் அதற்கு எலிதான்.

கையை விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். மாமா ஒருவர் மட்டும் தொடர்ந்தால் பயனில்லை. ஒரு குச்சி, ஒரு முழக் கயிறு, நுனியில் கோழி இறகு. படுக்கைக்குப் போகும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் இறகைப் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு கொடுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் இயல்பான வரிசை. விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலை அறுக்கும்.

அறிகுறி: குழந்தை வந்ததிலிருந்து, மருமகள் வந்ததிலிருந்து இப்படி

பொறாமை என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்வது இதைத்தான். கண்ணேறு என்று உப்பு சுற்றிப் போட்டவர்களும் உண்டு. பூனையின் பக்கமிருந்து பாருங்கள். அது படுத்திருந்த அறை தொட்டில் அறையாகிவிட்டது. சாப்பாடு ஒரு மணி நேரம் பிந்துகிறது. வீடு முழுக்கப் புது வாசனை. ஒரு பாட்டியுடன் நடந்த பேச்சு இது:

"தம்பி, பேரப்பிள்ளைமேல் இதற்குப் பொறாமை. தொட்டிலுக்குக் கீழே வந்து வந்து சிறுநீர் கழிக்கிறது."

"தொட்டில் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது, பாட்டி?"

"இதனுடைய மணல் தட்டுதான். கழிவறைப் பக்கம் மாற்றிவிட்டோம்."

தட்டைப் பழைய இடத்துக்கு நாலடி அருகில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினால் இந்த வழக்கு முடியும். மருமகள் விஷயம் வேறு: அவர் கையால் சோறு வைக்கட்டும், அவரே கயிற்றை ஆட்டட்டும், தூக்கிக் கொஞ்ச வேண்டாம். குழந்தை அழும்போதெல்லாம் பூனையை விரட்டினால், குழந்தை என்றாலே விரட்டு என்று அது கற்றுக்கொள்ளும். குழந்தை கூடத்தில் இருக்கும்போது பூனைக்கும் ஏதாவது நல்லது கிடைக்கட்டும். தவழும் பிள்ளையையும் பூனையையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடவே கூடாது.

சிறுநீரில் இரண்டு வகை உண்டு. குந்தித் தரையில் விட்டால் தட்டு, உடல்நலம், பயம் என்று தேடுங்கள். நின்றபடி வாலைத் தூக்கி நடுங்கவிட்டுச் சுவரில் பீய்ச்சினால் எல்லை குறிக்கிறது; கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் விட்டுவிடும். எதுவானாலும் அந்த இடத்தை நொதிப்பொருள் கலந்த சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவுங்கள். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பல பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கி விழுங்கிவிடும்.

அறிகுறி: மருத்துவரிடம் போய் வந்த பூனையை வீட்டிலிருப்பது சீறுகிறது

மருந்து வாசனையில் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஓர் இரவு தனி அறையில் வைத்து, வீட்டுத் துணியால் துடைத்து, மறுநாள் விடுங்கள்.

செய்யக் கூடாதவை

அடித்தால் பூனை கற்றுக்கொள்வது உங்கள் கை ஆபத்தானது என்பதை மட்டும்தான். தண்ணீர் பீய்ச்சுவதும் அப்படியே. சண்டையைப் பிரிக்கக் கையை விடாமல் கனத்த துண்டையோ அட்டையையோ நடுவில் போடுங்கள். சாக்கில் கட்டிச் செம்பனைக் காட்டில் விட்டு வருவதைச் சிலர் தீர்வு என்கிறார்கள். அங்கே பட்டினியும் எலி நஞ்சும் காத்திருக்கின்றன. விலங்குக் கொடுமைக்கு 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தில் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. எல்லாம் செய்தும் இரண்டு பூனைகள் ஒத்துவரவில்லை என்றால், தெரிந்தவர் வீட்டில் தனிப்பூனையாக வளர ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடித்துவிட்டால், கீறிவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் அப்ப வேண்டாம். பூனைப் பல் ஊசிபோல் மெலிந்தது. மேலே சிறு துளை, உள்ளே ஆழத்தில் கிருமி. கையிலோ மூட்டிலோ கடித்திருந்தால் வீக்கத்துக்குக் காத்திராமல் அன்றே அரசு சுகாதார கிளினிக்குக்குப் போய், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் பரவியிருக்கிறது. அங்கே இருக்கும்போது கடிபட்டிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மலேசியாவில் பூனை வளர்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய மற்றொன்று ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய். பூனையின் மூக்கிலோ முகத்திலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால், அதை வெறும் சண்டைக்காயம் என்று விட்டுவிடாமல் கையுறை போட்டுக் கூண்டிலேற்றி மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம். மனிதருக்குத் தொற்றினால், கீறல் பட்ட இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி எழும். பிறகு அது முழங்கை நோக்கி வரிசையாக ஏறும். சாதாரணக் கொப்புளம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகும்போது பூனை கீறியது என்பதை முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் கேட்காமலே போய்விடக்கூடும்.